ஜக்காவுக்கு யார் வக்கீல்?

குற்றவாளிக் கூண்டிலே ஓர் இளைஞன். கொலை செய்ய முயன்றான் என்பது வழக்கு. சாட்சிக் கூண்டிலே ஒரு நீதிபதி. கத்திக்குத் தப்பிப் பிழைத்தவர் அவர்தான். இளைஞனுக்காக வாதாட எழுந்து நிற்பவளோ, அந்த நீதிபதியின் ஆதரவிலேயே வளர்ந்த பெண்! அவள் கேட்கிறாள்: தங்களுக்கு ஒரு மனைவி இருந்தாள் அல்லவா? அவளைத் தாங்கள் வீட்டைவிட்டுத் துரத்தினீர்கள் அல்லவா? ஏன் துரத்தினீர்கள்?

நீதிபதி திகைக்கிறார். கேள்வி கேட்டே பழகிய நாக்கு, பதில் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறது. ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுதிய கை, தன் கணக்கைப் பார்க்கும்போது நடுங்குகிறது.

'ஆவாரா' என்ற படம் இப்படித்தான் தொடங்குகிறது. 1951 டிசம்பரில் வெளிவந்த இந்திப் படம். கே. ஏ. அப்பாஸ் எழுதியது. ராஜ் கபூர் தயாரித்து, இயக்கி, நடித்தது. ஆவாரா என்றால் ஊர்சுற்றி, தெருவிலே திரிபவன், கேட்பாரற்றவன் என்று பொருள்.

இந்திப் படமா? அதைப்பற்றி நம் ஏட்டிலே என்ன எழுத்து? என்று புருவத்தை நெரிக்க வேண்டாம், தோழா! திணிப்பவனோடுதான் நமக்கு மல்லுக்கட்டு. ஏழைக்காக எழும் குரல் எந்த மொழியிலே எழுந்தாலும், அதற்குக் காது கொடுப்பவன்தான் பகுத்தறிவாளன். இந்தப் படத்தை 1954இல் சோவியத் நாட்டிலே திரையிட்டபோது கோடிக்கணக்கான மக்கள் பார்த்தார்கள். இந்தி தெரிந்தா பார்த்தார்கள்? பசி தெரிந்து பார்த்தார்கள்! கிழிந்த சட்டையும் காலி வயிறும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில்லை.

எழுபது ஆண்டு கடந்த படத்தை இன்றைக்கு ஏன் எடுத்துப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. அந்தப் படத்திலே ஒரு வழக்கு முடிந்தது. மற்றொரு வழக்கு முடியவில்லை. முடியாத வழக்கு இன்றும் நம் தெருவிலே, நம் காவல் நிலையத்திலே, நம் சிறைச்சாலையிலே நடந்துகொண்டிருக்கிறது. அதைப்பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலிலே கதை.

நீதிபதி ரகுநாத். செல்வர், செருக்குடையவர், சட்டம் படித்தவர். அவரிடம் ஒரு தத்துவம் இருக்கிறது. நல்லவன் மகன் நல்லவன், திருடன் மகன் திருடன் என்பதே அது. அவருடைய சட்டப் புத்தகங்கள் அலமாரியிலே அடுக்கி இருக்கலாம். ஆனால் தீர்ப்பு எழுத உட்காரும்போது அவர் புரட்டிப் பார்ப்பது இந்த ஒரே ஒரு வரியைத்தான்.

அந்த வரியின்படி அவர் அளித்த தீர்ப்புகள் மூன்று.

முதல் தீர்ப்பு ஜக்காவுக்கு. ஒரு பெண்ணைக் கெடுத்தான் என்று அவன்மேல் வழக்கு. திண்ணமான சான்று இல்லை. ஆனால் அவன் அப்பன் திருடன்! வேறென்ன சான்று வேண்டும்? சிறை! செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்றவன், சிறையிலிருந்து தப்பி வெளியே வந்தபோது, நீதிபதி எப்படிப்பட்டவன் என்று எழுதினாரோ அப்படிப்பட்டவனாகவே வந்தான். கொள்ளைக்காரனானான்.

இரண்டாவது தீர்ப்பு லீலாவுக்கு. ரகுநாத்தின் மனைவி. பழிவாங்கப் புறப்பட்ட ஜக்கா அவளைத் தூக்கிச் செல்கிறான். அவள் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்ததும், நான்கு நாளிலே திருப்பி அனுப்பிவிடுகிறான். திருடன் வீட்டிலே நான்கு நாள் இருந்தாள்! வயிற்றிலே இருப்பது யார் பிள்ளை? ஊர் முணுமுணுக்கிறது. நீதிபதி விசாரிக்கவில்லை. சாட்சியைக் கூப்பிடவில்லை. கட்டிய மனைவியின் வாய்மொழியைக்கூட ஏற்கவில்லை. கதவைத் திறந்தார், தள்ளினார். கொட்டும் மழையிலே, தெருவோரத்திலே பிள்ளை பிறக்கிறது.

ரகுநாதன் என்பது யாருடைய பெயர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடத்தப்பட்டு மீண்டவள், ஊரார் பேச்சு, கருவுற்ற நிலையிலே வெளியேற்றம்! படமெடுத்தவர்கள் அறியாமல் வைத்த பெயரல்ல அது. அந்தக் காட்சியிலே சீதையின் துயரத்தையே பாட்டாக்கி ஒலிக்க விடுகிறார்கள். நம் மேடைகளிலே நாம் எத்தனையோ முறை கேட்ட கேள்வியை, வடநாட்டுக் கலைஞர்களே வெள்ளித்திரையிலே எழுதிக் காட்டினார்கள்: ஆராயாமல் தண்டித்தவன் எவனாயினும் அவன் நீதிமான் ஆவானா?

மூன்றாவது தீர்ப்பு, தெருவிலே பிறந்த அந்தப் பிள்ளைக்கு. பெயர் ராஜ். பம்பாயின் சேரியிலே வளர்கிறான். பள்ளிக்கூடம் போகிறான். படிப்பு இருக்கிறது, பணம் இல்லை. தெருவிலே உட்கார்ந்து பிறர் பூட்சுக்குப் பாலிஷ் போடுகிறான். பள்ளியிலிருந்து விரட்டப்படுகிறான். தாய் நோயிலே கிடக்கிறாள், வீட்டிலே சோறு இல்லை. அந்த நேரம் பார்த்து வருகிறான் ஜக்கா. திருடக் கற்றுக் கொடுக்கிறான். சிறுவன் முதன்முதல் திருடியது பொன்னையா, பணத்தையா? ரொட்டியை! அதற்குச் சிறை. சிறையிலே அவன் கைக்கு ரொட்டி வருகிறது. இந்த ரொட்டி வெளியிலேயே கிடைத்திருந்தால் நான் இங்கே ஏன் வருகிறேன் என்ற பொருளிலே ஒரு வசனம் பேசுகிறான். அந்த ஒரு வசனம் போதும், தோழா! குற்றவியல் நூல்கள் ஒரு வண்டி சொல்லாததை அது சொல்லிவிடுகிறது.

வளர்ந்த ராஜ் திருந்த நினைக்கிறான். தொழிற்சாலையிலே வேலைக்குச் சேர்கிறான். வியர்வை சிந்துகிறான். ஆனால் முன்பு சிறைக்குப் போனவன் என்று முதலாளிக்குத் தெரிகிறது. வெளியே போ! உழைத்துப் பிழைக்கிறேன் என்று வந்தவனை, திருடித்தான் பிழைக்க வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறது சமுதாயம். காதலியின் கரம்பற்ற நினைத்தால், அங்கே ரகுநாத் உட்கார்ந்திருக்கிறார். உன் தகப்பன் யார் என்று கேட்கிறார். கேட்பவரே தகப்பன்! அது அவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது.

பிறகு நடப்பதை விரித்துரைக்க வேண்டாம். தாயைத் தாக்க வந்த ஜக்காவை ராஜ் தடுக்கிறான். அந்தப் போராட்டத்திலே ஜக்கா சாகிறான். தாயும் இறந்துபோகிறாள். உண்மையெல்லாம் தெரிந்த ராஜ், கத்தியோடு தகப்பனைத் தேடிப் போகிறான். அதுதான் வழக்கு. ரீட்டா வாதாடுகிறாள். ராஜ் பேசுகிறான். தனக்காகக் கருணை காட்டும்படி அவன் கேட்கவில்லை. சாக்கடை ஓரத்திலே வளரும் ஆயிரமாயிரம் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள் என்கிறான். மூன்றாண்டுத் தண்டனை. ரகுநாத் சிறைக்கு வந்து மகனிடம் மன்னிப்புக் கேட்கிறார். கண்ணீர். காட்சி முடிகிறது. கொட்டகை கைகொட்டுகிறது.

நானும் பாராட்டத்தான் செய்கிறேன். இன்னொன்றையும் கவனித்தாயா? ரகுநாத்தாக நடித்த பிரிதிவிராஜ் கபூர், ராஜ் கபூருக்குச் சொந்தத் தகப்பனார். சிறுவன் ராஜாக வருவது தம்பி சசி கபூர். நீதிபதி வேடத்திலே ஒரு முதியவர் வருகிறாரே, அவர் பிரிதிவிராஜின் தகப்பனார். பிறப்பிலே ஒன்றுமில்லை என்று சொல்லவந்த படத்திலே ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை! சிரிக்காதே! படம் சொல்வதும் அதுதானே? மேடை வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகள் நடிகர்களாகிறார்கள். சாக்கடை வாசலிலே இருந்தால் பிள்ளைகள் வேறு என்னவாவார்கள்? ரத்தம் எதையும் கற்றுத் தருவதில்லை. வீடும் தெருவும் வயிறுமே கற்றுத் தருகின்றன.

ஆனால், தோழா, கைதட்டி முடித்த பிறகு ஒரு நிமிடம் உட்கார்ந்து எண்ணிப் பார்! ஓர் இடத்திலே படம் ஓட்டை விட்டிருக்கிறது. அந்த ஓட்டை வழியே ரகுநாத்தின் தத்துவம் தப்பித்து ஓடிவிடுகிறது.

எப்படி?

ராஜ் யார் மகன்? நீதிபதியின் மகன். 'குலம்' உடையவன். கெட்டுப் போனான், பிறகு திருந்தினான். காதலித்தான், கண்ணீர் விட்டான், நீதிமன்றத்திலே நாடே கேட்கும்படி பேசினான். குலத்தை நம்புகிறவன் இதைப் பார்த்துவிட்டு என்ன சொல்வான்? பார்த்தீர்களா, என்ன இருந்தாலும் பெரிய இடத்துப் பிள்ளை, சேற்றிலே கிடந்தாலும் ரத்தம் பேசிற்று பாருங்கள் என்பானே! அவன் வாயை எப்படி அடைப்பது?

அடைக்க ஒரே வழிதான் உண்டு. ஜக்காவின் வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஜக்கா யார் மகன்? திருடன் மகன். ரகுநாத்தின் தத்துவத்துக்கு உண்மையான சோதனை அவன்தான். அவன்மேல் முதல் வழக்கு வந்தபோது அவன் குற்றமற்றவன். திருடன் மகன், ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்யாதவன்! அந்த ஒரு உண்மையே தத்துவத்தின் முதுகெலும்பை முறித்துவிடுகிறது. ஆனால் படம் என்ன செய்கிறது? அவனைக் கொள்ளைக்காரனாக்கிப் பயங்கரமாக உலவ விடுகிறது. ராஜ் காணும் கனவிலே அவனைப் பூதம்போலப் பெருக்கி, கத்தியோடு வழிமறிக்க வைக்கிறது. கடைசியிலே கொன்றுவிடுகிறது. நீதிபதியின் மகனுக்கு வக்கீல் கிடைத்தாள். அழகும் அறிவும் அன்பும் உள்ள வக்கீல். திருடன் மகனுக்கு யார் வக்கீல்? ஒருவரும் இல்லை! நீதிபதி சிறைக்கு வந்து மகனிடம் மன்னிப்புக் கேட்டார். ஜக்காவின் பிணத்தருகே போய் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை!

ஜக்கா செய்ததையெல்லாம் சரி என்கிறாயா என்று கேட்பாய். இல்லை. ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்றது குற்றம். பசித்த சிறுவனைத் திருடப் பழக்கியது அதைவிடக் குற்றம். அவற்றுக்கு அவன் தண்டனை பெறட்டும். நான் கேட்பது அந்த முதல் வழக்கை! அவன் ஒன்றுமே செய்யாதபோது அவன்மேல் எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பை! அது தவறு என்று ஏட்டிலே ஒரு வரி திருத்தி எழுதப்பட்டதா?

இது ஏதோ கதாசிரியரின் கற்பனை என்று எண்ணிவிடாதே! ரகுநாத்தின் தத்துவம், ஒரு மனிதரின் மூளையிலே மட்டும் குடியிருந்த மூடநம்பிக்கையல்ல. அது இந்த நாட்டிலே சட்டமாக இருந்தது. முத்திரை குத்தப்பட்ட, அரசிதழிலே அச்சான, போலீசு லத்தியோடு நடந்த சட்டம்!

1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், குற்றப்பரம்பரைச் சட்டம். தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி என்று இந்த நாட்டிலே தொழில் பரம்பரையாக வருகிறது. ஆகவே குற்றத்தையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பார்த்தாயா விந்தையை! அவன் நாட்டிலே நெசவாளி மகன் வணிகனாகலாம், வணிகன் மகன் மந்திரியாகலாம். இங்கே வந்து பார்த்தான். பிறப்பாலே தொழில், பிறப்பாலே உயர்வு, பிறப்பாலே தாழ்வு என்று வருணத்தார் வகுத்து வைத்த ஏணி அவன் கண்ணிலே பட்டது. அந்த ஏணியின் அடியிலே மேலும் ஒரு படியைச் செதுக்கினான்: பிறப்பாலே குற்றவாளி! மனு போட்ட கோட்டின்மீது மகாராணியின் அரசாங்கம் ரோடு போட்டது.

முதலிலே வடநாட்டுக்கு. பிறகு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியையோ குழுவையோ குற்றப்பரம்பரை என்று அரசாங்கம் அறிவித்துவிடலாம். அறிவித்துவிட்டால் அந்தக் கூட்டத்தாரின் பெயர் பதிவேட்டிலே ஏறும், கைரேகை பதியப்படும். அதனாலேயே ரேகைச் சட்டம் என்று நம் ஊர்களிலே அதற்குப் பெயர். ஊரைவிட்டுப் போனால் சொல்ல வேண்டும், வந்தால் சொல்ல வேண்டும், குறித்த வேளையிலே போலீசின் முன்னே போய் நிற்க வேண்டும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய்ச் சீர்திருத்தப் பள்ளியிலே அடைக்கவும் அந்தச் சட்டத்திலே இடமிருந்தது. எல்லாவற்றிலும் கொடுமை எது தெரியுமா? அந்த அறிவிப்புச் செல்லாது என்று எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. கதவு அடைக்கப்பட்டிருந்தது. ஜக்காவுக்காவது அநியாயத் தீர்ப்பளிக்க ஒரு நீதிபதி இருந்தார். இவர்களுக்கு அதுவும் இல்லை. தொட்டிலிலே கிடந்த குழந்தைக்கும் தீர்ப்பு தயாராக இருந்தது!

மதுரை மாவட்டத்திலே உசிலம்பட்டி வட்டாரத்திலே பெருங்காமநல்லூர் என்றொரு சிற்றூர். நாங்கள் உழுது பிழைக்கிறோம், எங்கள் கைரேகையை எதற்குக் கேட்கிறீர்கள் என்று அந்த ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள். துப்பாக்கி பதில் சொல்லிற்று. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் பிணமானார்கள். என்ன குற்றம் செய்தார்கள்? தங்களைக் குற்றவாளி என்று எழுதாதே என்று சொன்ன குற்றம்!

போராட்டங்கள் வளர்ந்தன. சென்னை மாகாணத்திலே 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. நாடு முழுமைக்கும் எப்போது ஒழிந்தது தெரியுமா? அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து, ஒழித்துவிடலாம் என்று அது பரிந்துரைத்து, 1952 ஆகஸ்ட் 31ஆம் நாள் ஒழிந்தது. கணக்குப் பார். 'ஆவாரா' வெளிவந்தது 1951 டிசம்பர். ரகுநாத்தின் தத்துவத்தை எள்ளி நகையாடும் படத்தைப் பார்த்து மக்கள் கண்ணீர் வடித்த நாளிலே, அதே தத்துவம் இந்தியாவின் சட்டப் புத்தகத்திலே இன்னும் உயிரோடுதான் இருந்தது! வெள்ளைக்காரன் கப்பலேறி நான்காண்டு ஆகியிருந்தது. அவன் எழுதிய அந்த வரி கப்பலேறவில்லை.

சட்டம் ஒழிந்தது. சரி. சந்தேகம் ஒழிந்ததா?

குற்றப்பரம்பரை என்ற பெயரை நீக்கிவிட்டு, வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று மாநிலங்கள் புதுப் பெயரிலே கொண்டுவந்தன. பானை புதிது, உள்ளே அதே பழங்கஞ்சி. சாதியைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்க்கிறோம் என்றார்கள். ஆனால் யாரை அடிக்கடி பிடித்தார்களோ, அவர்தானே ஏட்டிலே 'வழக்கமான' குற்றவாளியாகிறார்? யாரை அடிக்கடி பிடித்தார்கள்? யாரைப் பிடித்துப் பிடித்துப் பழகியிருந்தார்களோ, அவர்களைத்தான்!

2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. ஒரு பெண் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கு அது. பல மாநிலச் சிறை விதிப் புத்தகங்களிலே என்ன எழுதியிருந்தது தெரியுமா? கூட்டிப் பெருக்கவும் கழிவை அள்ளவும் இன்ன சாதிக் கைதிகள். சமைப்பதற்கு இன்ன சாதிக் கைதிகள்! சீர்மரபினராய்ப் பிறந்தவர்களைக் குற்றப் பழக்கம் உடையவர்களாகவே கருதும் விதிகளும் இருந்தன. நம் மாநிலத்துப் பாளையங்கோட்டைச் சிறையிலே சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அந்த வழக்கிலே பேசப்பட்டது. நம் வீட்டுக் குப்பையை நாமே மூடி மறைப்பது நமக்கு அழகல்ல. ஆகவே அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இவையெல்லாம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் அடித்துத் தள்ளியது. சிறைப் பதிவேடுகளிலே சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது. விதிகளைத் திருத்த மூன்று மாதம் தவணை கொடுத்தது.

1952இலிருந்து 2024 வரை, 72 ஆண்டு! ஒழிந்த சட்டத்தின் பேய், சிறைச்சாலையின் விதிப் புத்தகத்திலே அத்தனை காலம் குடியிருந்திருக்கிறது. ரகுநாத் ஓய்வு பெற்றார், அவருடைய பேனா ஓய்வு பெறவில்லை.

தீர்ப்புக்கு வாழ்த்து. ஆனால் தோழா, நீதிமன்றம் அடித்தது ஏட்டிலே உள்ள எழுத்தை. மனத்திலே உள்ள எழுத்தை யார் அடிப்பது? தெருவிலே ஒரு சைக்கிள் காணாமல் போகிறது. முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது? ஆலையிலே ஒரு பித்தளைத் துண்டு குறைகிறது. மானேஜர் அறையையா சோதிக்கிறார்கள்? மில் வாசலிலே உழைத்துக் களைத்து வெளிவரும் உன்னைத்தானே நிறுத்தி, இடுப்பைத் தடவிப் பார்க்கிறார்கள்! காலையிலே வேலை கேட்டுப் போனால், என்ன வேலை தெரியும் என்று கேட்கிறார்களா? எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்றல்லவா கேட்கிறார்கள்? உன் தகப்பன் யார் என்று ரகுநாத் கேட்டாரே, அதே கேள்விதான்!

இன்னும் ஒன்று. ஊராரை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. தேநீர்க் கடையிலே உட்கார்ந்து, அந்தப் பக்கத்து ஆளா, அப்படித்தான் இருப்பான் என்று சொல்பவர்களிலே நம் வேட்டிக் கரையும் தெரிகிறதா இல்லையா? கூட்டத்திலே சமத்துவம் பேசிவிட்டுத் திண்ணையிலே ரகுநாத்தாக உட்கார்ந்திருப்பவர் நம் தெருவிலே ஒருவர்கூட இல்லை என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்ல முடியுமா? பாட்டாளியைப் பாட்டாளி சந்தேகிக்கும் வரையில், முதலாளிக்குத் தனியாகக் காவல்காரன் எதற்கு?

கடைசியாக, அந்தக் கண்ணீரைப்பற்றி ஒரு சொல்.

ரகுநாத் அழுதார். மெய்தான். ஆனால் எப்போது அழுதார்? கூண்டிலே நிற்பவன் தன் மகன் என்று தெரிந்தபிறகு அழுதார். அவன் வேறொருவர் மகனாக இருந்திருந்தால்? தன் ரத்தம் என்பதற்காக வருந்தியவர், தன் தத்துவம் பொய் என்பதற்காக வருந்தினாரா? ரத்தத்தை நம்பித் தவறு செய்தவர், ரத்தத்துக்காகவே கண்ணீரும் விடுகிறார். நோயும் அதே, மருந்தும் அதே என்றால் உடம்பு எப்படித் தேறும்?

நம் சிலம்பைப் பார்! பாண்டியன் நெடுஞ்செழியன். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், ஆராயவில்லை, கோவலனைக் கொல்லச் செய்தான். ரகுநாத் செய்த அதே தவறு. பிறகு கண்ணகி வந்தாள், சிலம்பை உடைத்தாள், உண்மை வெளிப்பட்டது. கண்ணகி யார்? பாண்டியனுக்கு மகளா, உறவா? பெயர்கூடத் தெரியாத, வேற்றூரிலிருந்து வந்த ஒரு வணிகன் மனைவி. அந்த அந்நியப் பெண்ணின் முன்னாலே, அரசன் தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொண்டான். அரியணையிலே உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை. வீழ்ந்தான், மாண்டான். கோவலன் தன் குலம் என்பதற்காக அவன் சாகவில்லை. தன் கோல் வளைந்தது என்பதற்காகச் செத்தான். நீதி என்றால் அது! மகனுக்கு விடும் கண்ணீர் பாசம். அந்நியனுக்காக வெட்கப்படுவதுதான் நீதி.

யாரும் உயிரை விட வேண்டாம். அந்தக் காலம் போயிற்று. ஏட்டைத் திருத்தினால் போதும். சீர்மரபினர் என்ற சொல்லை வாக்குக் கேட்கும் மேடையிலே மட்டும் உச்சரிக்காமல், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியிலே இடமும், விடுதியிலே சோறும், ஆலையிலே வேலையும் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆட்சியிலே நம்மவர் இருந்தாலும் சரி, மாற்றார் இருந்தாலும் சரி, சந்தேகத்தின்பேரில் பிடிபட்டவன் என்ற செய்தியைப் படித்ததும், எந்தச் சந்தேகம், எதனால் வந்த சந்தேகம் என்று கேட்கும் துணிவு வந்தால் போதும்.

நம் கிளைக் கழகங்களுக்கு நான் சொல்வது இது: உங்கள் தெருவிலே ஒருவரைப் பிடித்துப் போனார்களா? வழக்கு என்ன, சான்று என்ன, வக்கீல் இருக்கிறாரா என்று போய்க் கேளுங்கள். பணமில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அந்தக் கதவைத் தட்டத் தெரியாதவருக்காக நீங்கள் தட்டுங்கள். அவர் குற்றம் செய்திருந்தால் சட்டம் தண்டிக்கட்டும். அவர் பிறந்திருக்கிறார் என்பதற்காகத் தண்டிக்க விடாதீர்கள்!

ராஜுக்கு ரீட்டா கிடைத்தாள். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு வக்கீல் கிடைப்பது பெரிதல்ல. திருடன் மகன் என்று பெயர் சூட்டப்பட்டு, சான்றில்லாமல் கூண்டிலே நிறுத்தப்பட்டு, தன் பக்கம் பேச ஒரு நாதியில்லாமல் நிற்கிறானே ஜக்கா, அவனுக்கு யார் வக்கீல்?

நீதான், தோழா! எழுந்து நில்!